ஆனேக்கலில் நீர் 97-இல் கொதிக்கும்

பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் மூன்றும் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் தாலுகாவுக்குள் வருகின்றன. பம்பு, மோட்டார், ரிலே, வயரிங் ஹார்னஸ், சர்க்கியூட் போர்டு என்று இங்கே எது தயாரானாலும் அட்டைப்பெட்டிக்குள் போகும் முன் ஒரு மேஜையைத் தாண்டியாக வேண்டும். அதை டெஸ்ட் பெஞ்ச் என்போம். மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம், அதிர்வு எல்லாம் அங்கேதான் அளக்கப்படும். தேறியதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேறாதது சிவப்புத் தொட்டிக்குப் போகும். அந்த மேஜையின் கணினியில் ஓடும் நிரலைச் செய்து தருவது என் தொழில். லேப்வியூ என்ற வரைபட மொழியில் செய்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் மாநில எல்லை தாண்டி வரும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகள். புரோகிராமிங் என்றால் எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் செய்வது என்று அவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். வயரிங் படத்தைப் பார்த்து பேனல் கட்டத் தெரிந்தவருக்கு இந்த மொழியில் பாதி முன்பே தெரியும். மீதிப் பாதி அளவீட்டில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள மல்டிமீட்டரும் பொறுமையும் போதும்.

சோதனைக்காரர்கள் செய்த மொழி

ஜேம்ஸ் ட்ரூச்சர்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நவ்லின் மூவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அமெரிக்கக் கடற்படைக்கான சோனார் சோதனைப் பணியில் இருந்தவர்கள். 1976-இல் ஆஸ்டின் நகரில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் விற்றது மென்பொருள் இல்லை; அளவுக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஜிபிஐபி அட்டை. கருவியை இணைத்துவிடலாம், ஆனால் அதை இயக்க யாராவது நிரல் எழுத வேண்டும். அளவீடு தெரிந்தவருக்கு நிரல் எழுத வராது, நிரல் எழுதுகிறவருக்கு அளவீடு தெரியாது. இந்த இடைவெளியை அடைக்கக் கொடோஸ்கி உழைத்து உருவாக்கியதுதான் லேப்வியூ. 1986-இல் வந்த முதல் பதிப்பு மேக்கின்டோஷ் கணினியில் மட்டுமே ஓடியது. மவுஸ் பிடித்துப் படம் வரைய அன்று ஏற்றதாக இருந்தது அந்தக் கணினிதான். 1992-இல் விண்டோஸுக்கு வந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சாதாரணக் கணினிகளுக்கு அது வந்து சேர வழி திறந்தது அப்போதுதான்.

இதன் அடிப்படை எண்ணம் எளியது. ஆசிலோஸ்கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று வேலைகள் தெரியும்: சிக்னலை உள்ளே வாங்குவது, அதைக் கணக்கிடுவது, திரையில் காட்டுவது. முதல் வேலைக்குத்தான் வன்பொருள் கட்டாயம். மற்ற இரண்டையும் கணினியிடம் விட்டுவிடலாம். அப்படி விட்டால், சிக்னலை வாங்கும் ஒரே டேக் கார்டு காலையில் வோல்ட்மீட்டராக இருக்கும், மதியம் ஆசிலோஸ்கோப்பாக மாறும், இரவு முழுக்க வரைபடம் தீட்டும் ரெக்கார்டராக ஓடும். மெய்நிகர் கருவி, ஆங்கிலத்தில் விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட், என்று இதைத்தான் சொல்கிறோம். லேப்வியூவில் எழுதும் ஒவ்வொரு நிரலையும் விஐ என்று அழைப்பது அதனால்தான்.

முதல் விஐ

ஒரு விஐயைத் திறந்தால் இரண்டு ஜன்னல்கள் வரும். ஃப்ரன்ட் பேனல் என்பது கருவியின் முகம்: பொத்தான், முள், விளக்கு, வரைபடம். பிளாக் டயகிராம் என்பது அதன் உள்வயிறு: கணக்குப் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் வயர்களும். கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்து மூடிப் பழகியவருக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது. வயருக்கு நிறமும் உண்டு. தசம எண் ஆரஞ்சு, முழு எண் நீலம், ஆம்-இல்லை பச்சை, எழுத்து இளஞ்சிவப்பு. பல மதிப்புகள் வரிசையாகப் போகும் வயர் தடித்திருக்கும். சேரக்கூடாத இரண்டைச் சேர்த்தால் வயர் துண்டு துண்டாகி நடுவில் சிவப்புக் குறி விழும், ஓட்டும் அம்புக்குறியும் உடைந்து தெரியும்.

எழுத்து மொழியில் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். இங்கே ஓட்டத்தைத் தீர்மானிப்பது தரவு. சந்தாபுராவில் நிற்கும் ஷேர் ஆட்டோ எல்லா இருக்கையும் நிறைந்த பிறகுதான் கிளம்பும். ஒரு பெட்டியும் அப்படித்தான், தனக்குத் தேவையான உள்ளீடுகள் அத்தனையும் வந்து சேர்ந்தால்தான் வேலையைத் தொடங்கும். இடப்பக்கம் வரைந்ததால் அது முதலில் ஓடிவிடாது. வயரால் இணைக்கப்படாத இரண்டு பெட்டிகளில் எது முந்தும் என்று சொல்லவும் முடியாது. வரிசை வேண்டுமென்றால் எரர் வயரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுங்கள். வரிசையும் கிடைக்கும், எந்த இடத்தில் கோளாறு என்ற தகவலும் கூடவே வரும்.

டயகிராமின் மேல்பட்டையில் ஒரு பல்பு படம் இருக்கும். அதை அழுத்தி ஓட்டினால் நிரல் மெதுவாகும், மதிப்புகள் புள்ளிகளாக வயரில் நகர்வது கண்ணுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களை நான் அதன் முன் நெடுநேரம் உட்கார வைப்பேன். டெஸ்டர் வைத்து வயர் வயராகத் தேடிப் பழகிய கை, வயரில் போகும் மதிப்பைக் காட்டும் ப்ரோபை வைத்து இங்கேயும் தேடத் தொடங்கிவிடும்.

முதல் பயிற்சிக்கு மோட்டார் காயில் கணக்கைக் கொடுப்பேன். செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும். குளிர்ந்த நிலையில் உள்ள தடையும் வெப்பமும் தெரிந்தால், சூடான பின் உள்ள தடையிலிருந்து காயிலின் சராசரி வெப்பத்தைக் கணக்கிடலாம். செம்புக்கு உரிய மாறிலி 235. 25 டிகிரியில் 10 ஓம் இருந்த காயில் இப்போது 13 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 13-ஐ 10-ஆல் வகுத்து, 235-உம் 25-உம் சேர்ந்த 260-ஆல் பெருக்கி, 235-ஐக் கழித்தால் 103 டிகிரி. கூட்டல், வகுத்தல், பெருக்கல், கழித்தல் என்று நான்கு பெட்டிகள், சில வயர்கள். கையால் போட்ட கணக்கும் திரையில் வந்த விடையும் ஒத்துப்போகும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு தைரியம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று டிகிரி எங்கே போனது

அடுத்த பாடம் சென்சார். பிடி-100 என்பது பிளாட்டினக் கம்பியால் ஆன வெப்ப உணரி. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரம் ஒன்று, கெட்டிலில் கொதிக்கும் நீர் ஒன்று. இரண்டிலும் சென்சாரை வைத்துப் பார்க்கச் சொல்வேன். தளியிலிருந்து வந்த ஒரு தம்பி பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“அண்ணா, கொதிக்கிற தண்ணியில வெச்சாலும் தொண்ணூத்தேழுதான் காட்டுது. புரோகிராம்ல மூணு கூட்டிடட்டுமா?”

“இருப்பா. ஐஸ்ல வெச்சப்ப எவ்வளவு காட்டுச்சு?”

“ஜீரோதான்ணா.”

“அப்ப மூணு கூட்டினா அங்க என்ன காட்டும்?”

அவன் யோசித்தான். ஐஸ் மூன்று டிகிரி ஆகிவிடும் என்பது புரிந்தது. அப்புறம் சொன்னேன்: ஆனேக்கல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போக காற்றழுத்தம் குறையும், நீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஆகவே இங்கே நீர் கொதிப்பது 97-இல்தான். சென்னையில் இதையே செய்தால் 100-ஐ ஒட்டிக் காட்டும். சென்சாரும் நிரலும் உண்மையைச் சொன்னபோது, பாடப்புத்தகத்தில் படித்த எண்ணுக்காக அதைத் திருத்தப் பார்த்தோம்.

இந்த மூன்று டிகிரியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மோட்டார் காயிலின் பி வகுப்பு இன்சுலேஷனுக்கு 130 டிகிரி வரம்பு, எஃப் வகுப்புக்கு 155. நிரலுக்குள் யாரோ எப்போதோ கூட்டி வைத்த ஒரு மூன்று, 128-இல் நிற்கும் நல்ல மோட்டாரைச் சிவப்புத் தொட்டிக்கு அனுப்பும். கழித்து வைத்த மூன்று இன்னும் மோசம். சூடேறி எரியப்போகும் மோட்டாரை ஒரு விவசாயியின் கிணற்றுக்கு அனுப்பிவிடும். டயகிராமில் காரணம் எழுதாமல் எந்த எண்ணையும் வைக்கக்கூடாது என்பது எங்கள் பட்டறையின் கட்டாய விதி.

கார்டுக்கு முன்னால் நடப்பது

வரைபட மொழியின் எளிமையே புதியவர்களுக்குப் பொறியாகவும் ஆகும். ஒரு பெட்டியை இழுத்து வைத்தால் எண் வந்துவிடுகிறது, அந்த எண்ணை நம்பிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மேலும் கீழும் 10 வோல்ட் வாங்கும் 12 பிட் கார்டு, அந்த 20 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். அதை நேராக இந்தக் கார்டில் செருகினால் ஒரு படிக்கே ஏறக்குறைய 119 டிகிரி! திரையில் அழகான வரைபடம் வரும், அதற்கு எந்தப் பொருளும் இருக்காது. தெர்மோகப்பிளுக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும், கம்பி வந்து சேரும் முனையின் வெப்பத்தையும் அளந்து சேர்க்க வேண்டும்.

பிடி-100-இல் வேறொரு சிக்கல். இரண்டு கம்பியால் நீளமாக இழுத்துப் போனால் கம்பியின் தடையும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஓம் கூடினாலே இரண்டரை டிகிரிக்கு மேல் தவறு. மூன்று கம்பி இணைப்பு அதற்காகத்தான். பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டுமென்றால் 4-20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் போடுங்கள். 250 ஓம் தடையின் குறுக்கே அது 1 முதல் 5 வோல்ட் ஆகிவிடும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகும். 4-க்குக் கீழே போனால் கோளாறு என்று நிரல் உடனே அறிந்துகொள்ளும்.

எத்தனை வேகத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை விநாடிக்கு 49 முறை அளந்தால் விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் அலையாகத் தெரியும். விநாடிக்குச் சரியாக 10 முறை அளந்தால் அலையே இல்லாத நேர்கோடு கிடைக்கும். இல்லாத ஒன்றை இருப்பதாகவும், இருப்பதை இல்லை என்றும் காட்டும் இந்த மாயத்தை ஏலியாசிங் என்பார்கள். அளக்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளக்க வேண்டும். அலையின் வடிவமே தெரிய வேண்டுமானால் பத்து மடங்காவது வேண்டும். வெப்பம் போல மெதுவாக மாறும் அளவுக்கு எதிர் வைத்தியம்: வேகமாக நிறைய எடுத்து 20 மில்லிவிநாடிக்கோ அதன் மடங்குக்கோ சராசரி போட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும்.

ஒரு முழு வேலை

இவை எல்லாம் ஒன்றுசேரும் நல்ல பயிற்சி மோட்டாரின் ஹீட் ரன். முழுச் சுமையில் மோட்டாரை ஓடவிட்டு, வெப்பம் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால் நிலைபெற்றதாகக் கொள்ளலாம். அதற்குப் பல மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் ஒரு பையன் பேடும் பேனாவுமாக நின்று கால்மணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருப்பான். சிறு மோட்டாரென்றால், நிறுத்திய 30 விநாடிக்குள் காயில் தடையை அளக்க வேண்டும். அதற்குள் ஓடிப்போய் மீட்டரைப் பிடிப்பது தனிப் பாடு.

இதை நிரலாக்க, நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப் போதும். லூப்புக்குள் கட்டாயம் ஒரு வெயிட் வைக்க வேண்டும். இல்லையென்றால் கணினி மூச்சுவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு முந்தைய மதிப்பை நினைவில் வைக்க ஷிஃப்ட் ரிஜிஸ்டர் இருக்கிறது. ஒரு சுற்றின் விடையை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழி அது. கோப்பை லூப்புக்கு வெளியே திறந்து, உள்ளே ஒவ்வொரு வரியாக எழுதி, முடிந்தபின் மூடுங்கள். அளவெல்லாம் நினைவகத்தில் சேர்த்துக் கடைசியில் ஒரேயடியாக எழுதலாம் என்று நினைத்தால், மாலையில் மின்சாரம் போகும்போது காலையிலிருந்து செய்த வேலையும் போய்விடும்.

வேலை வளர்ந்ததும் ஸ்டேட் மெஷின் கற்றுக்கொள்ள வேண்டும். தொடக்கம், குளிர்நிலைத் தடை, ஓட்டம், நிலைபேறு, சூடான தடை, முடிவு என்று கட்டங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வைல் லூப், அதற்குள் ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர், அடுத்த கட்டம் எது என்று சொல்லும் ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர். ஒவ்வொரு கேஸும் ஒரு கட்டம். எங்கிருந்தாலும் அவசர நிறுத்தத்துக்கு ஒரு வழி. மோட்டாரைத் துண்டிக்கும் உண்மையான அவசரப் பொத்தான் மட்டும் கணினியை நம்பி இருக்கக்கூடாது. அது கான்டாக்டரோடு நேராக வயர் செய்யப்பட வேண்டும்.

பவர் மீட்டர், பவர் சப்ளை போன்ற பெட்டிக் கருவிகளோடும் நிரல் பேச வேண்டியிருக்கும். 1975-இல் தரமாக்கப்பட்ட ஜிபிஐபி இன்றும் பழைய கருவிகளின் முதுகில் இருக்கிறது. புதியவற்றில் யுஎஸ்பி, ஈதர்நெட். 1990-இல் வந்த எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளைமுறையால் பல நிறுவனங்களின் கருவிகள் ஒத்த மொழியில் பதில் சொல்கின்றன. முதலில் அனுப்ப வேண்டியது நட்சத்திரக் குறி, ஐ-டி-என், கேள்விக்குறி. தன் நிறுவனம், மாடல், வரிசை எண் என்று கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். பதில் வரவில்லை என்றால் முதலில் வரி முடிவுக் குறியைப் பாருங்கள். பெரும்பாலும் அதை அனுப்ப மறந்திருப்போம்.

மேஜையில் நிற்பவர்

ஃப்ரன்ட் பேனல் யாருக்காக? ஷிஃப்ட் முழுக்க அந்த மேஜையில் நிற்கும் ஆபரேட்டருக்காக. எங்கள் பக்கத்து லைன்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் புழங்கும். நாங்கள் தொடங்கிய காலத்துப் பதிப்புகளில் இந்திய எழுத்துகளை நேராகப் பொத்தானில் எழுத முடியவில்லை. சொற்களைப் படமாக்கி ஒட்டினோம். தேறியது, தேறவில்லை என்பதைப் பச்சை, சிவப்பால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் காட்டுகிறோம். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்கள் உண்டு. பல ஆண்டுகள் காயில் சுற்றிய ஒரு அக்கா என் பிளாக் டயகிராமைப் பார்த்து, “சார், மெஷின் நின்னதும் தடைய அளக்கறீங்க, ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கே, ஆறிடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சோதனைப் பெஞ்சின் விசிறியையும் அந்தக் கட்டத்தில் நிறுத்தினோம். எழுத்தால் ஆன நிரலாக இருந்திருந்தால் அவர் அதைப் படித்திருக்க முடியாது. வரைபட மொழியின் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவே முதல் காரணம். வேலை தெரிந்த எவரும் அதன் முன் நின்று கேள்வி கேட்கலாம்.

எப்படித் தொடங்குவது

லேப்வியூ உரிமம் சிறு பட்டறைக்குக் கனமான செலவு. ஆனால் கற்கிறவருக்கு வழி இருக்கிறது. 2020-இல் வந்த கம்யூனிட்டி எடிஷன் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போர்டுகளோடு இணைக்கும் வசதியும் அதில் உண்டு. விற்கும் பொருளைச் சோதிக்க அதைப் பயன்படுத்தக்கூடாது; அதற்கு முறையான உரிமம் வாங்க வேண்டும். ஒரு கணினியில் உருவாக்கிய நிரலை மற்றக் கணினிகளில் ஓட்ட ரன்டைம் இலவசமாகவே கிடைக்கிறது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு ஆர்டுயினோ யூனோவும் ஒரு எல்எம்-35 சென்சாரும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். போர்டின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். ஆக அரை டிகிரி வரை பிரித்தறியலாம். தெர்மோகப்பிளுக்கு 119 டிகிரி ஆன அதே படி இங்கே அரை டிகிரி ஆகிறது. கார்டையும் சென்சாரையும் பொருத்திப் பார்ப்பது எப்படி என்பதை இந்த ஒரு கணக்கே கற்றுத்தந்துவிடும். ஒரு வெப்பமானி விஐ செய்யுங்கள். ஐஸில் வைத்துப் பாருங்கள், நல்ல மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாட்டுக்குக் காரணம் தேடுங்கள். காரணம் தெரியும்வரை எதையும் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2023-இல் எமர்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. சில பட்டறைகள் பைத்தானுக்கு மாறுகின்றன. நாளை வேறு மொழி வரும். எது வந்தாலும் பிடி-100 நூறு டிகிரியில் 138.51 ஓம்தான், தெர்மோகப்பிள் 41 மைக்ரோவோல்ட்தான், ஆனேக்கலில் நீர் கொதிப்பது 97-இல்தான். அதை அறிந்தவருக்கு எந்த மொழியும் எட்டும். ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்த தம்பி, தங்கைகளே, அந்த அறிவில் ஒரு பங்கு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கணினியின் முன் உட்கார யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள்.